ஒரே ரூட்டரில் ரிப்பின் இரண்டு பதிப்புகள்: நான்கு மாலைகளின் குறிப்பு

நேற்று இரவு நடு ரூட்டரின் திரையில் 192.168.20.0 என்ற வரி வந்து நின்றது. அதன் ஓரத்தில் 00:00:11, அந்த வலைக்கான பாதை பற்றிக் கடைசியாக அறிவிப்பு வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு. தமக்குத் தெரிந்த வலைகளை ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று இப்படி அறிவித்துக்கொள்ளும் நெறிமுறைதான் ரிப். கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன், 00:00:26. அடுத்த முறை 00:00:03. அந்த எண் முப்பதைத் தொடும் முன்போ தொட்டதுமோ திரும்பச் சுழியத்துக்கு வந்துகொண்டே இருந்தால், எதிர்ப்பக்க ரூட்டர் ஒழுங்காகப் பேசுகிறது, இந்தப் பக்கம் ஒழுங்காகக் கேட்கிறது என்று பொருள். இந்த ஒரு வரியைப் பார்க்க எனக்கு நான்கு மாலைகள் ஆயின. கடைசியில் நிலைத்தது என்னவோ பத்துப் பதினைந்து வரி அமைப்புதான். அங்கே போய்ச் சேர்ந்த வழியை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நிலைமை இதுதான். என்னிடம் ஒரு பழைய ரூட்டர் இருக்கிறது. அதன் பின்னால் ஐந்து அளவீட்டுக் கருவிகள். ரிப் நெறிமுறையின் பதிப்பு 1 தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. அதற்கு இனி புது மென்பொருளும் வராது. கருவிகள் இயங்கும்வரை அதை எடுக்க முடியாது. நடுவில் சிஸ்கோவின் ரூட்டர் மென்பொருளான ஐஓஎஸ் ஓடும் ரூட்டர் ஒன்று. இந்த இரண்டும் பல வருடமாகச் சண்டையில்லாமல் ஓடின. இப்போது மூன்றாவதாக ஒரு புது ரூட்டரைச் சேர்க்க வேண்டும். அதில் சப்நெட்டுகள், அதாவது ஒரு பெரிய வலையின் துண்டுகள், சிறிதும் பெரிதுமாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே துண்டின் அளவையும் சேர்த்துச் சொல்லும் பதிப்பு 2 அங்கே கட்டாயம்.

முகவரிகளைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் இவற்றால் வந்ததுதான். நடு ரூட்டரிலிருந்து பழையதற்குப் போகும் இணைப்பு 172.16.1.0/24. (/24 என்பது மாஸ்க்: முகவரியின் முதல் 24 பிட் வலையைக் குறிக்கிறது. அந்த எண் கூடக்கூட வலை சிறிதாகும்.) பழையதன் பின்னால் கருவிகள் இருக்கும் வலை 172.16.2.0/24. நடு ரூட்டரிலேயே நேரடியாகத் தொங்கும் கணினிகள் 172.16.3.0/24. புது ரூட்டருக்குப் போகும் இணைப்பு 172.16.9.4/30, அதில் நடு ரூட்டர் .5, புதியது .6. புது ரூட்டரின் பின்னால் 172.16.8.0/26, 172.16.8.64/26 என்று இரண்டு வலைகள். எல்லாமே 172.16 என்று தொடங்கும் ஒரே குடும்பம். அப்போது அதை ஒரு வசதியாகத்தான் நினைத்தேன்.

கருவிகள் அதிகம் இல்லை. ரூட்டரில் நேரடியாகக் கட்டளை தட்ட ஒரு வெளிர்நீலக் கன்சோல் கேபிள், அதற்கொரு யூஎஸ்பி மாற்றி, அந்தத் திரையைக் கணினியில் காட்டும் பட்டி (PuTTY) மென்பொருள், ஒரு சின்ன ஸ்விட்ச், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் ஏற்றிய மடிக்கணினி. நடு ரூட்டரும் பழைய ரூட்டரும் கன்சோலில் 9600 வேகத்தில் பேசும். இதற்கென்று புதிதாக எதுவும் வாங்கவில்லை. செலவானது நேரம் மட்டும்தான்.

முதல் மாலை

முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். நடு ரூட்டரில் ‘ரூட்டர் ரிப்’ என்று நுழைந்து, அடியில் ‘வெர்ஷன் 2’ என்று தட்டினேன். ‘நெட்வொர்க் 172.16.0.0’ ஏற்கெனவே இருந்தது. புது ரூட்டரிலும் அப்படியே. ஒரு நிமிடத்துக்குள் 172.16.8.0/26, 172.16.8.64/26 இரண்டும் நடு ரூட்டரின் டேபிளில், அதாவது பாதைப் பட்டியலில், வந்துவிட்டன. கணினி வலையிலிருந்து, அதாவது 172.16.3.20 இலிருந்து, கருவி 172.16.2.10க்குப் பிங், அதாவது பதில் கேட்கும் சோதனைப் பாக்கெட், அடித்தேன். பதில் வந்தது. அமைப்பைச் சேமித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பிங் நின்றிருந்தது.

இதில்தான் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் இருக்கிறது. ரிப்பில் ஒரு பாதை செத்தாலும் உடனே டேபிளை விட்டுப் போகாது. 30 விநாடிக்கு ஒருமுறை வர வேண்டிய அறிவிப்பு வரவில்லை என்றால் ரூட்டர் பொறுமையாகக் காத்திருக்கும். 180 விநாடி ஆன பிறகுதான் அந்தப் பாதை ‘பாசிப்ளி டவுன்’ என்று காட்டும். அப்போதும் பாக்கெட்டுகளை அதே வழியில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். 240ஆவது விநாடியில்தான் வரியையே நீக்கும். ஆக, நான் ‘வெர்ஷன் 2’ என்று தட்டிய அந்த நொடியிலேயே பழைய ரூட்டரோடு பேச்சு அறுந்துவிட்டது. எனக்கு அது தெரிய நான்கு நிமிடம் ஆகும். நானோ இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

மறுபடி உட்கார்ந்து ‘ஷோ ஐபி ரூட்’ கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால் இது கண்ணெதிரே நடப்பது தெரியும். 172.16.2.0 வரியில் 00:00:41, பிறகு 00:01:12, பிறகு 00:02:05. ஆரோக்கியமான பாதையின் எண் அரை நிமிடத்துக்கு மேல் ஏறாது. ஏறிக்கொண்டே போனால் எதிர்ப்பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை, அல்லது வந்தும் நாம் கேட்கவில்லை. அன்று முதல் எந்த மாற்றம் செய்தாலும் ‘க்ளியர் ஐபி ரூட் *’ கொடுத்துப் பழைய நினைவைத் துடைத்துவிட்டுத்தான் சோதிக்கிறேன்.

வரும் போகும் ரிப் அறிவிப்புகளைத் திரையில் காட்டும் ‘டீபக் ஐபி ரிப்’ போட்டதும் காரணம் வெளிப்படையாகவே வந்தது. பழைய ரூட்டரிடமிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ‘இக்னோர்டு வி1 பாக்கெட்... இல்லீகல் வெர்ஷன்’ என்று ஒரு வரி. பாக்கெட் வருகிறது, ரூட்டர்தான் வேண்டாம் என்கிறது. ‘வெர்ஷன் 2’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எல்லா இன்டர்ஃபேஸிலும், அதாவது கம்பி செருகும் ஒவ்வொரு வாசலிலும், 2ஐ மட்டுமே அனுப்பும், 2ஐ மட்டுமே ஏற்கும்.

சரி, அந்த வரியை எடுத்துவிடலாம் என்று ‘நோ வெர்ஷன்’ கொடுத்தேன். எதுவும் சொல்லாவிட்டால் ஐஓஎஸ் பதிப்பு 1ஐ அனுப்பும், இரண்டையும் ஏற்கும். பழைய ரூட்டர் அரை நிமிடத்தில் திரும்பி வந்தது. ஆனால் இப்போது புது ரூட்டர் பக்கம் அதே ‘இல்லீகல் வெர்ஷன்’ வரி. நடு ரூட்டர் அனுப்புவது 1, புதியது கேட்பது 2 மட்டும். ஒருவழிப் பேச்சு. புதியதன் வலைகள் நடு ரூட்டருக்குத் தெரிகின்றன, நடு ரூட்டரின் வலைகள் புதியதற்குத் தெரியவில்லை. அன்றைக்கு அத்தோடு மூடினேன்.

இரண்டாவது மாலை

பதிப்பு என்பது ரூட்டரின் குணம் அல்ல, ஒவ்வொரு கம்பியின் குணம். இதைப் புரிந்துகொண்ட பிறகு அமைப்பு இரண்டே வரிதான். பொதுவாக ‘வெர்ஷன் 2’ இருக்கட்டும். பழைய ரூட்டரை நோக்கிய ‘ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1’ இன்டர்ஃபேஸில் மட்டும் விதிவிலக்கு:

ஐபி ரிப் சென்ட் வெர்ஷன் 1
ஐபி ரிப் ரிசீவ் வெர்ஷன் 1

இன்டர்ஃபேஸில் சொன்னது பொதுவில் சொன்னதை மீறும். ‘ஷோ ஐபி புரோட்டோகால்ஸ்’ கொடுத்தால் ஒரு சிறு அட்டவணை வரும். புது ரூட்டரை நோக்கிய 0/0க்கு நேரே அனுப்புவது 2, பெறுவது 2. 0/1க்கு நேரே 1, 1. இந்த அட்டவணையைப் பார்க்காமல் இனி நான் எதையும் சேமிக்கமாட்டேன்.

‘சென்ட் வெர்ஷன் 1 2’ என்று இரண்டையும் ஒரே கம்பியில் அனுப்பவும் முடியும். ஒரே ஸ்விட்சில் இரண்டு வகை ரூட்டர்களும் கலந்து இருந்தால்தான் அது தேவை. என்னிடம் கம்பிகள் தனித்தனி. தேவையில்லாமல் இரண்டையும் கத்தவிட்டால் டீபக் திரையில் எது எதற்குப் பதில் என்றே புரியாது.

க்ளியர் கொடுத்தேன், ஐந்து நிமிடம் காத்திருந்தேன். இரண்டு பக்கப் பாதைகளும் உயிரோடு. நடு ரூட்டரிலிருந்து கருவிக்குப் பிங், பதில் வந்தது. 172.16.3.20 இலிருந்து பிங், வந்தது. புது ரூட்டரின் பின்னால் இருக்கும் 172.16.8.70 கணினியிலிருந்து பிங், வரவில்லை. புது ரூட்டரிலிருந்தே அடித்தேன், அதுவும் வரவில்லை.

நடு ரூட்டரிலிருந்து அடிக்கும் பிங் இங்கே ஏமாற்றும். அது பழையதை நோக்கிப் போகும்போது தன் முகவரியாக 172.16.1.1ஐப் போட்டுக்கொள்ளும். அந்த வலை பழைய ரூட்டருக்கு நேரடியாகத் தெரியும், பதில் வந்துவிடும். யாருக்கு வழி வேண்டுமோ அவருடைய முகவரியிலிருந்து அடித்தால்தான் சோதனை. 8.70 இலிருந்து போன பாக்கெட் கருவிவரை போய்ச் சேர்ந்தது, அதை வயர்ஷார்க்கில் பார்த்தேன். திரும்பி வரத்தான் வழியில்லை.

ஏன் இல்லை? டீபக் திரையில் 0/1 வழியாகப் போகும் அறிவிப்பைப் பார்த்தேன். ‘சப்நெட் 172.16.3.0 மெட்ரிக் 1’. (மெட்ரிக் என்பது எத்தனை ரூட்டர் தாண்ட வேண்டும் என்ற கணக்கு.) அவ்வளவுதான். 8.0 இல்லை, 8.64 இல்லை, 9.4 இல்லை. நடு ரூட்டருக்கு இவை அனைத்தும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் மடிக்கணினியை நடுவிலிருந்த ஸ்விட்சில் செருகி, வயர்ஷார்க்கில் ரிப் பயன்படுத்தும் யூடிபி 520ஆம் போர்ட் எண்ணை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். பதிப்பு 1 எல்லாருக்குமான 255.255.255.255 முகவரிக்குப் போவதால் ஸ்விட்சில் எங்கே செருகினாலும் கண்ணில் படும். அந்தப் பாக்கெட் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. தலைப்பகுதி 4 பைட், அப்புறம் ஒரு பாதைக்கு 20 பைட், மொத்தம் 24. முதல் பைட் 02, இது பதில் என்று சொல்கிறது. இரண்டாவது பைட் 01, பதிப்பு. அந்த 20 பைட்டுக்குள் முகவரி ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணில் வருகிறது, ஏசி 10 03 00, அதாவது 172.16.3.0. அதையடுத்து எட்டு பைட் வெறும் சுழியம். கடைசி நான்கில் 1, மெட்ரிக்.

மடிக்கணினியை எடுத்துப்போய்ப் புது ரூட்டர் பக்கத்தில் செருகினேன். அங்கே அறிவிப்பு 224.0.0.9க்குப் போகிறது. வடிவம் ஏறக்குறைய அதே. இரண்டாவது பைட் 02. முகவரிக்கு அடுத்து முன்பு சுழியமாகக் கிடந்த எட்டு பைட்டில் முதல் நான்கில் எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் 00 என்று மாஸ்க் உட்கார்ந்திருக்கிறது. 1988இல் பதிப்பு 1ஐ வரையறுத்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1058, அந்த இடங்கள் சுழியமாகவே இருக்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்தது. பின்னால் வந்தவர்கள் அந்தக் காலி இடத்தில்தான் மாஸ்கை வைத்தார்கள். இன்று நடைமுறையில் இருக்கும் பதிப்பு 2 1998இன் ஆர்எஃப்சி 2453. பத்து வருட இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டையும் ஒரே மேஜையில் பைட் பைட்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி.

ஆக, பதிப்பு 1 மாஸ்க் சொல்லாது. வாங்குபவர் ஊகிக்க வேண்டும். தன் இன்டர்ஃபேஸும் அறிவிப்பும் ஒரே குடும்பம் என்றால் தன் இன்டர்ஃபேஸின் மாஸ்க்தான் அதற்கும் என்று எடுத்துக்கொள்வார். வேறு குடும்பம் என்றால், முகவரியின் முதல் எண்ணை வைத்துப் பிரித்த ஏ, பி, சி வகுப்பின் இயல்பு மாஸ்க். ஐஓஎஸ் இதை அறிந்து, வாங்குபவர் தவறாக ஊகிக்கக்கூடிய சப்நெட்டுகளை அனுப்பாமலேயே விட்டுவிடுகிறது. 0/1இன் மாஸ்க் /24. /26க்கும் /30க்கும் அந்த வாசலில் அனுமதி இல்லை. இத்தனை வருடம் எல்லாமே /24 ஆக இருந்ததால் இது வெளியே தெரியவே இல்லை.

மூன்றாவது மாலை, இரண்டு தோல்விகள்

முதல் முயற்சி: பதிப்பு 2ஐயே எல்லாருக்குமான முகவரிக்கு அனுப்பினால் என்ன? அதற்கொரு கட்டளை இருக்கிறது, ‘ஐபி ரிப் வி2-பிராட்காஸ்ட்’. ஆர்எஃப்சி 1058இல், பதிப்பு எண் 1க்கு மேல் இருந்தால் பாக்கெட்டைத் தள்ளாமல், சுழியமாக இருக்க வேண்டிய இடங்களைக் கண்டுகொள்ளாமல் படி என்று இருக்கிறது. பழைய ரூட்டர் அப்படியே செய்தது. நான்கு பாதைகளையும் வாங்கிக்கொண்டது. 8.70 இலிருந்து பிங் போய் வந்தது.

ஆனால் பழைய ரூட்டரின் டேபிளைத் திறந்து பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். 172.16.8.0ஐ அது முழு /24 என்று எழுதி வைத்திருந்தது. 172.16.8.64ஐத் தனியொரு கணினியின் முகவரி என்று எடுத்துக்கொண்டது, ஏனென்றால் /24 கணக்கில் கடைசி எண் சுழியமாக இல்லை. 9.4உம் அப்படியே தனி முகவரி. அதனால் புது ரூட்டரின் 9.6க்குப் பதில் போகவில்லை. 8.70க்குப் பதில் போனது தவறான /24 தற்செயலாக அதையும் மூடியிருந்ததால்தான். நாளைக்கு யாராவது 172.16.8.128ஐ வேறு பக்கம் வைத்தால் இந்தத் தற்செயல் கவிழும். தப்பான காரணத்துக்காகச் சரியாக ஓடும் வலையை நான் விட்டுவைக்க விரும்பவில்லை. கட்டளையை எடுத்தேன், சென்ட் வெர்ஷன் 1க்குத் திரும்பினேன்.

இரண்டாவது முயற்சி: சப்நெட்டுகளைச் சொல்ல முடியாவிட்டால் ‘தெரியாததெல்லாம் என்னிடம் அனுப்பு’ என்று ஒரே வரி சொல்லிவிடலாமே. ‘ரூட்டர் ரிப்’ அடியில் ‘டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’. பழைய ரூட்டரின் டேபிளில் 0.0.0.0 வந்து உட்கார்ந்தது. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. பிங் அடித்தேன், வரவில்லை.

இது எனக்கு முக்கால் மணி நேரம் தின்றது. வழி இருக்கிறது, கேபிள் சரி, எதிர்ப்பக்கம் சரி. கடைசியில் தெரிந்தது, பழைய ரூட்டர் பாதை தேடுவதே வகுப்பு முறையில்தான். 172.16 குடும்பத்தில் சில சப்நெட்டுகள் தனக்குத் தெரியும் என்றால், அந்தக் குடும்பத்தில் தெரியாத சப்நெட் என்று ஒன்று கிடையாது என்று முடிவுகட்டிப் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். 0.0.0.0 பக்கம் திரும்பியே பார்க்காது. அது மற்ற குடும்பங்களுக்குத்தான். ஐஓஎஸ்ஸில் இதை மாற்ற ‘ஐபி க்ளாஸ்லெஸ்’ உண்டு. என் பழைய ரூட்டரில் அப்படி ஓர் அமைப்பே இல்லை.

போதாக்குறைக்கு அந்த 0.0.0.0 புது ரூட்டருக்கும் போய்விட்டது. வெளிவழி ஏதும் இல்லாத நடு ரூட்டரை வெளிவழி என்று அது நம்பத் தொடங்கியது. அந்தக் கட்டளையையும் எடுத்தேன்.

நான்காவது நாள், முகவரி மாற்றம்

இரண்டு தோல்விகளும் ஒரே இடத்தைத்தான் காட்டின. பழைய ரூட்டர் 172.16 குடும்பத்துக்குள் இருக்கும்வரை அது அந்தக் குடும்பத்தைத் தன் /24 கண்ணாடியால்தான் பார்க்கும். அதைக் குடும்பத்துக்கு வெளியே எடுத்துவிட்டால்? குடும்ப எல்லையைத் தாண்டும்போது பதிப்பு 1 சப்நெட்டுகளைத் தனித்தனியாகச் சொல்லாது, 172.16.0.0 என்று ஒன்றாகத் திரட்டித்தான் சொல்லும். இது பதிப்பு 1இன் குறை என்றே படித்திருந்தேன். எனக்கு வேண்டியதும் சரியாக அதுதான்.

நடு ரூட்டரின் 0/1க்கு 192.168.10.1, பழையதன் எதிர்முனைக்கு 192.168.10.2, மாஸ்க் /24. ஒரு சின்ன மறதி நடந்தது. ‘நெட்வொர்க் 192.168.10.0’ சேர்க்கவில்லை. 172.16.0.0 மட்டும் இருந்ததால் 0/1 ரிப்பிலிருந்தே விலகிவிட்டது. ‘ஷோ ஐபி புரோட்டோகால்ஸ்’ அட்டவணையில் அந்த வரியே காணவில்லை என்றதும் புரிந்து சேர்த்தேன்.

டீபக் திரையில் ‘நெட்வொர்க் 172.16.0.0 மெட்ரிக் 1’ என்று போனது. முன்பு ‘சப்நெட்’ என்றிருந்த இடத்தில் இப்போது ‘நெட்வொர்க்’. ஆனால் எதிர்ப்பக்கமிருந்து வந்ததும் 172.16.0.0தான். கருவிகளின் வலையை நான் இன்னும் 172.16.2.0 ஆகவே விட்டிருந்தேன். அதுவும் எல்லையைத் தாண்டும்போது திரட்டிச் சொல்கிறது. இரண்டு பக்கமும் ‘முழு 172.16 என்னிடம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஒரே குடும்பத்தை நடுவில் வேறொரு குடும்பத்தை வைத்து இரண்டாகப் பிளந்துவிட்டால் வரும் சிக்கல் இது. பதிப்பு 1க்கு இதற்கு மருந்தே கிடையாது.

ஆக, அரைகுறையாக மாற்ற முடியாது. கருவிகளின் வலையையும் 192.168.20.0/24க்கு மாற்றினேன். ஐந்து கருவிகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் பொத்தான்களை அழுத்தி முகவரி, மாஸ்க், கேட்வே. ஒரு கருவிக்குப் பன்னிரண்டு நிமிடம் வரை ஆனது, மொத்தம் ஒரு மணி நேரம். ஒவ்வொன்றின் பழைய முகவரி, புது முகவரி இரண்டையும் தாளில் எழுதிப் பக்கவாட்டில் ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். கருவிகளைப் படிக்கும் கணினிகளிலும் ஐந்து முகவரிகளை மாற்ற வேண்டியிருந்தது.

பிறகு 172.16.8.70 இலிருந்து 192.168.20.10க்குப் பிங். முதல் பாக்கெட் தவறியது, மற்றவை வந்தன. 9.6 இலிருந்து, 3.20 இலிருந்து, எல்லாம் வந்தன. பழைய ரூட்டரின் டேபிளில் ரிப் வழியாக வந்தது ஒரே வரி: 172.16.0.0. அதற்குள் நான் நாளைக்கு எத்தனை /26, எத்தனை /30 வெட்டினாலும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

பதிப்பு 2 பக்கத்துக்காக, தானாகத் திரட்டிச் சொல்வதை நிறுத்தும் ‘நோ ஆட்டோ-சம்மரி’யும் போட்டேன். இது 0/1இல் நடக்கும் திரட்டலையும் நிறுத்திவிடுமோ என்று பயந்து முன்பின் இரண்டு முறை டீபக்கை ஒப்பிட்டேன். நிறுத்தவில்லை. அந்தக் கட்டளை பதிப்பு 2க்கு மட்டும்தான். பதிப்பு 1 எப்படியும் திரட்டும். இன்றைய முகவரிகளுக்கு அது இல்லாமலும் ஓடும், பின்னால் புது வலை சேரும்போது வேண்டியிருக்கும்.

மிச்ச நேரத்தில் பாதுகாப்பு. அறிவிப்பு உரிய ரூட்டரிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க, புது ரூட்டர் பக்கம் எம்டி5 கடவுச்சொல் வைத்தேன். உடனே டீபக்கில் ‘இன்வாலிட் ஆதென்டிகேஷன்’. இரண்டு பக்கமும் ஒரே சொல்தான், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஒரு குறிப்பேட்டிலிருந்து நகலெடுத்து ஒட்டியதில் ஒரு பக்கம் கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்திருந்தது. ரூட்டர் அந்த இடைவெளியையும் கடவுச்சொல்லின் ஒரு எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். கையால் தட்டியதும் சரியானது.

பழைய ரூட்டர் பக்கம் இந்த வசதியே கிடையாது. பதிப்பு 1இல் கடவுச்சொல் வைக்க இடமில்லை. அந்த ஸ்விட்சில் யார் எதைச் செருகி எந்தப் பாதையை அறிவித்தாலும் நடு ரூட்டர் நம்பிவிடும். அதை என்னால் விட்டுவைக்க முடியவில்லை. அதனால் அந்த வாசலில் 192.168.20.0 தவிர வேறெந்தப் பாதையும் உள்ளே வராதபடி ஒரு வடிகட்டி. யாராவது அந்த ஒரு வலையையே பொய்யாக அறிவித்தால் இது தடுக்காது. ஆனாலும் மற்ற வலைகளைத் திசைதிருப்ப முடியாது. கணினிகள் தொங்கும் 1/0 இன்டர்ஃபேஸில் அறிவிப்பே போக வேண்டியதில்லை என்பதால் ‘பேசிவ்-இன்டர்ஃபேஸ்’.

நடு ரூட்டரில் நிலைத்த அமைப்பு, கடவுச்சொல் வரிகள் நீங்கலாக:

ரூட்டர் ரிப்
வெர்ஷன் 2
நெட்வொர்க் 172.16.0.0
நெட்வொர்க் 192.168.10.0
பேசிவ்-இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 1/0
டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் 11 இன் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1
நோ ஆட்டோ-சம்மரி

இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1
ஐபி ரிப் சென்ட் வெர்ஷன் 1
ஐபி ரிப் ரிசீவ் வெர்ஷன் 1

ஆக்சஸ்-லிஸ்ட் 11 பெர்மிட் 192.168.20.0

மறுபடி செய்ய நேர்ந்தால், கட்டளை எதையும் தட்டுவதற்கு முன் தாளில் முகவரிகளை வரைந்து, பதிப்பு 1 பேசும் பகுதியைச் சுற்றி ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு உள்ளே ஒரு குடும்பம், வெளியே வேறொரு குடும்பம். கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே குடும்பம் இருந்தால் அங்கேயே நிறுத்தி முகவரிகளை மாற்றுவேன். இரண்டாவது, மூன்றாவது மாலைகள் முழுக்க மிச்சமாகியிருக்கும். கருவிகளின் முகவரி மாற்றம் ஒரு மணி நேர வேலைதான். அதைத் தவிர்க்கப் பார்த்துத்தான் இரண்டு மாலைகளைச் செலவழித்தேன்.

அமைப்பை மாற்றும் முன் இரண்டு ரூட்டர்களின் டேபிளையும் ஒரு கோப்பில் எடுத்து வைப்பேன். இந்த முறை ‘முன்பு எப்படி இருந்தது’ என்று நினைவிலிருந்துதான் ஒப்பிட்டேன். டீபக்கை முடித்ததும் ‘அன்டீபக் ஆல்’ கொடுக்க ஒருமுறை மறந்து, காலையில் கன்சோலைத் திறந்தால் திரை ஓடிக்கொண்டே இருந்தது. 9600 வேகத்தில் அது தட்டச்சையே தடுக்கும்.

பழைய ரூட்டரைத் தூக்கி எறிந்துவிட்டால் இவ்வளவு பாடும் வேண்டாம் என்று யாரும் சொல்லலாம். பதிப்பு 1ஐப் பழையது என்று ஒதுக்கி வைக்கச் சொன்ன ஆர்எஃப்சி 1923 வந்ததே 1996இல். ஆனால் அந்தக் கருவிகள் இன்னும் துல்லியமாக அளக்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டும் பெட்டி தான் அறிந்த ஒரே மொழியைப் பிழையில்லாமல் பேசுகிறது. அதற்காக நடு ரூட்டரில் நான்கைந்து வரி வைத்திருப்பது எனக்குப் பாரமில்லை.

0/1இன் விவரக் குறிப்பில் ‘இந்தப் பக்கம் பதிப்பு 1 மட்டும், 172.16 முகவரி வைக்கக்கூடாது’ என்று எழுதியிருக்கிறேன். ரூட்டர் தமிழ் எழுத்தை ஏற்காததால் ஆங்கிலத்தில். அதையே தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கேபிளின் கழுத்தில் கட்டிவிட்டேன். இன்று காலை ஒருமுறை பார்த்தேன். 192.168.20.0, [120/1], 192.168.10.2 வழியாக, 00:00:17.